பின்னால் சுற்றிய விசிறி

செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்குச் சுகவா தொமியேயின் தங்கை மகள் தொலைபேசியில் அழைத்தாள். விடியற்காலையில் மூச்சு அடங்கிவிட்டதாம். வியாழனன்று தகனம். பிறகு சற்றுத் தயங்கி, "பெரியம்மா ஒரு தாளைப் பத்திக் கேட்டுட்டே இருந்தாங்க. அனுப்பிட்டீங்களா?" என்றாள். அனுப்பிவிடுகிறேன் என்று சொன்னேன்.

தொமியே நீகாதாவிலிருந்து பத்தொன்பது வயதில் தோக்கியோவுக்கு வந்தவர். நெரிமாவில் ஒரு சலவைக்கடையின் மாடியில் கார்ட்டூன் படங்களுக்காக ஆறு பேர் குனிந்து வரையும் அறை. அங்கேதான் அவருடைய மேசை. முதன்மை ஓவியர்கள் அசைவின் முக்கிய நிலைகளை வரைவார்கள். நடுவில் வரும் படங்களை இவர் நிரப்புவார். வாழ்நாளில் விமானம் ஏறியதில்லை. ஆனால் ஞாயிறுதோறும் சோற்றுருண்டை கட்டிக்கொண்டு சோஃபு விமானத்தளத்தின் வேலியோரம் போய் உட்கார்ந்து, சிறு விமானங்கள் எழும்புவதை வரைவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில் பெரிய கம்பெனி ஒன்று விமானச் சாகசப் படம் எடுத்தது. கொழுக்கட்டை விற்கும் குண்டு மனிதர் ஓட்டை விமானத்தில் தீவு தீவாகப் பறக்கிற சிரிப்புப் படம். அந்த விமானம் முதன்முதலாகக் கிளம்பும் காட்சி தொமியேவுக்கு வந்தது. முதன்மை ஓவியராக அவருக்குக் கிடைத்த முதல் காட்சி. பெயர் திரையில் வரும். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. ஓவியர்கள் வரைந்த தாள்களை வீடு வீடாகப் போய் வாங்கிப் பையில் போட்டு, படம்பிடிக்கும் அறைக்குக் கொண்டு சேர்ப்பது என் வேலை.

விமானத்தின் மூக்கிலுள்ள விசிறி சுற்ற மூன்று படங்கள் போதும். ஒன்று, இரண்டு, மூன்று, மறுபடி ஒன்று. எந்தப் படம் எப்போது என்பதை ஓவியரே நீளத்தாளில் மேலிருந்து கீழாக எழுதித் தருவார். அந்தத் தாளின் மேல் காரில் என் நூடுல்ஸ் சூப் கொட்டியது. அலுவலக ஜன்னல் கம்பியில் கிளிப் போட்டுக் காயவைத்து, வேறு தாளில் படியெடுத்தேன். இரண்டு நாள் தூங்காத கண்கள். தாள் தலைகீழாகத் தொங்கியது. எண்களைச் சரியாகப் படித்தேன், வரிசையை மேலிருந்தே எடுத்தேன். மூன்று, இரண்டு, ஒன்று.

முன்னோட்டக் காட்சியில் விமானம் முன்னே போக, விசிறி பின்னால் சுற்றியது. திருத்த நேரமில்லை. தயாரிப்பு மேலாளர் ஒனிஷி எல்லோர் முன்னாலும், "விசிறி எந்தப் பக்கம் சுத்தும்னே தெரியாதவங்களுக்கு விமானத்தை யாருய்யா குடுத்தது?" என்றார். தொமியே சுவரோரம் நின்றிருந்தார். நான் கதவோரம். பெயர்ப்பட்டியலில் அவர் பெயர் அடித்து நீக்கப்பட்டது. கோடு போட்ட பட்டியலை அச்சுக்குக் கொண்டுபோனதும் நான்தான். என் பெயர் அதில் இருந்தது.

அதற்குப் பிறகு அவருக்கு முதன்மை வேலை வரவேயில்லை. முப்பத்தெட்டு வருஷம் மற்றவர்கள் வரைந்ததற்கு நடுப்படம் போட்டார். பின்னால் சுற்றும் விசிறி ரசிகர்களுக்குப் பிரியமான வேடிக்கையாகிவிட்டது. நான் தயாரிப்பாளரானேன், மேடைகளில் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கவைத்தேன். ஓர் ஓவியரின் தவறு என்றே சொன்னேன்.

இந்த வருஷம் படத்தைப் புதுப்பித்து வெளியிடுகிறார்கள். விடுபட்ட பெயர்களைச் சேர்க்க விண்ணப்பம் அனுப்பலாம், அன்று வேலை செய்த ஒருவர் காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். ஏதோ குழப்பத்தில் விடுபட்டதாக எழுதிவிடலாம் என்றேன்.

அவர் விண்ணப்பத்தைக் கண்ணருகே வைத்துப் படித்தார்.

"கிதாமி, நீ எழுதுற ரெண்டுக்கு அடியில ஒரு சுழி இருக்கும். அந்தத் தாள்லயும் இருந்துச்சு."

எப்போது பார்த்தீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"அன்னைக்கே. படம்பிடிக்கிற ரூமுக்குப் போயி எடுத்துப் பார்த்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே, சுகவா-சான்."

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன். ஒரு வாரம் பார்த்தேன். அப்புறம் பார்க்கிறத விட்டுட்டேன்." விண்ணப்பத்தை என் மடியில் வைத்தார். "என் பேரு வரணும். இங்க காரணம்னு ஒரு கட்டம் இருக்கு பாரு. அதுல உள்ளத எழுது. உன் கையால."

அன்றே எழுதுகிறேன் என்றேன். அது நடந்து பதினோரு நாள் ஆகிறது.

விண்ணப்பம் வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். அவர் பெயர், காட்சி எண், என் கையெழுத்து எல்லாம் இருக்கின்றன. காரணம் என்ற கட்டத்தில் இன்னும் எதுவும் எழுதவில்லை.