தலையில் விழுந்த பந்துகள்

என் கணவர் ஜேர்மனியில் பிறந்த தமிழர். அங்கே சிறிய கால்பந்துக் கழகங்களில் பின்கள வீரராக விளையாடிக்கொண்டிருந்தவரை ரொறன்ரோ அணியொன்று ஒப்பந்தம் செய்து அழைத்திருந்தது. மல்வேர்னில் என் தோழி வீட்டுக் கொண்டாட்டமொன்றில்தான் அவரைக் கண்டேன். பின்கள வீரருக்கு என்ன வேலை என்று கேட்டேன்.

"மற்றப் பக்கத்தைச் சந்தோசப்பட விடாமப் பாக்கிறது."

சிரித்துவிட்டேன். அடுத்த வருடம் கலியாணம். அஜக்ஸில் வீடு எடுத்தோம்.

நல்ல உயரம் அவர். கோர்னரிலிருந்து வரும் பந்தை எழும்பித் தலையால் வெட்டி வெளியே அனுப்புவார். ஜேர்மனியிலிருந்து மாமா, இவருடைய அப்பா, இணையத்தில் பார்த்துவிட்டு ஒவ்வொரு ஆட்டம் முடியவும் தொலைபேசியில் திட்டுவார்: "இடப்பக்கத்தை ஏனடா திறந்து விட்டனி?" திட்டு விழாத நாளில் இவருக்குச் சாப்பாடு இறங்காது.

ஒரு சனிக்கிழமை பின்னேரம், பந்துக்கு எழும்பியவர் சொந்த அணியின் கோல்கீப்பரோடு தலை மோதி விழுந்தார். பிறகு எழும்பிக் கையைக் காட்டிவிட்டுக் கடைசிவரை விளையாடினார். வீடு திரும்பும்போது நான்தான் கார் ஓட்டினேன்.

"ஆர் வெண்டது?" என்று கேட்டார்.

"நீங்கள்தான்."

வழியில் பிக்கரிங் வருமுன் மறுபடியும் கேட்டார்: "ஆர் வெண்டது?"

நான் வீட்டுக்குப் போகவில்லை. நேரே ஆஸ்பத்திரிக்கு விட்டேன்.

இது முதல் அடி இல்லை என்று அங்கேதான் தெரிந்தது. முந்தியவற்றை எங்கள் எல்லோரிடமும் மறைத்திருந்தார். இனி ஒரு பந்தும் தலையில் படக்கூடாது என்றார் மருத்துவர். இவர் ஜேர்மன் மொழியில் ஏதோ முணுமுணுத்தார். எனக்கு விளங்கவில்லை, கேட்கவும் துணியவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுவதும் பேஸ்மென்டில், யன்னலுக்குப் போர்வை கட்டிய இருட்டில் கிடந்தார். மேலே கரண்டி விழுந்தாலும் தலையைப் பிடித்துக்கொள்வார். தாளிக்கும் சத்தம்கூடத் தாங்காது என்று அவித்ததையே சாப்பிட்டோம். மாமா அப்போதும் தொலைபேசி எடுப்பார். "அங்க பனி விட்டிட்டுதோ?" என்று மட்டும் கேட்பார்.

கோடையில் கழகம் பிரியாவிடைக்கு அழைத்தது. கறுப்புக் கண்ணாடியோடு, என்னையும் கூட்டிக்கொண்டு மைதானத்தின் நடுவுக்கு நடந்தார். ரசிகர்கள் மேளம் அடித்து அவர் பெயரைச் சொல்லிப் பாடினார்கள். அவர் கை உயர்த்தினார். அப்போதே முகம் வெளிறிவிட்டது. என் தோளைப் பிடித்தபடி உள்ளே வந்து, சுவரோரம் குந்தியிருந்து சத்தி எடுத்தார். வெளியே மேளம் நிற்கவில்லை.

"நிப்பாட்டச் சொல்லட்டே?"

"வேண்டாம்," என்றார். "எனக்காகத்தானே அடிக்கினம்."

முடியும்வரை காதுகளைப் பொத்திக்கொண்டு அங்கேயே இருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

இப்போது அரைநாள் வேலைக்குப் போகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் காரில் கூட்டிக்கொண்டு போகும்போது பூங்காவில் யாராவது பந்தடித்துக்கொண்டிருந்தால், "மற்ற ரோட்டால விடும்" என்பார். விடுவேன்.