காய்ச்சல் என்று சொன்ன நாட்கள்

மனநல டாக்டரின் அறையில் டாக்டர் இருந்தார். எதிரே அண்ணி. பக்கத்தில் அண்ணன், சுவரைப் பார்த்தபடி. கதவோரம் நான்.

அண்ணன் உடன்பிறந்தவர் இல்லை. கொல்கத்தா பக்கம் சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் என்னோடு வேலை பார்க்கும் பாயின்ட்ஸ்மேன்; தண்டவாளம் மாற்றிவிடும் வேலை. நெடுநெடுவென்று இருப்பார். சில வாரங்கள் தூங்கவே மாட்டார். எங்கள் எல்லாருடைய கைக்கொடிகளையும் துவைத்து இஸ்திரி போட்டுக் கொண்டுவருவார். பிறகு பல நாள் பாயை விட்டு எழமாட்டார்.

போன வருஷம் கேட்டேன். "டாக்டர்கிட்ட போவோமாண்ணே?"

"போனா ரெக்கார்டுல ஏறிடும்டா. அப்புறம் லைன்ல விடமாட்டான். ஆபீஸ்ல உக்காந்து உனக்கு டீ ஊத்தவா?"

சிரித்துவிட்டேன். அவர் படுத்த நாட்களில் காய்ச்சல் என்று சொல்லி, அவர் டியூட்டியையும் நானே பார்த்தேன். உதவி என்றுதான் நினைத்தேன்.

இப்போது அண்ணனிடம் பேச்சு இல்லை. சோறும் இறங்கவில்லை.

"மருந்து இருக்கு. ஆரம்பத்திலேயே வந்திருந்தா இவ்வளவு முத்தியிருக்காது" என்று டாக்டர் வங்க மொழியில் சொன்னார். "மொத்தம் எத்தனை நாள் இப்படிப் படுத்திருந்தார்?"

அண்ணிக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்தார். அண்ணனுக்காக நான் பார்த்த டியூட்டிகளை என் டைரியில் குறித்திருந்தேன். எடுத்து எண்ணினேன்.

நூற்றுப் பதினேழு.