நாற்பது பக்கமும் ஓர் ஆணிப் பலகையும்

இன்று மீட்டிங்கில் ஒருவர், "ரிக்வயர்மென்ட் எல்லாம் பக்காவா எழுதி வாங்கியாச்சு" என்று மார்தட்டினார்.

எனக்கு மண்ணூர்பேட்டை ஞாபகம் வந்து, சத்தமாகச் சிரித்துவிட்டேன். (மியூட் போட மறந்துவிட்டேன்!)

தொண்ணூறுகளின் நடுவில் அங்கே ஒரு லேத் கம்பெனி. தொழிலாளிகள் கருவிகளை வாங்கிப் போகும் அதன் டூல் ஸ்டோருக்கு சாஃப்ட்வேர் எழுதுவதுதான் என் முதல் வேலை.

லேத் கம்பெனி முதலாளி 'திருப்தி' என்று எங்கள் ஆபீசுக்கு ஒரு லெட்டரில் கையெழுத்துப் போட்டால் என் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வீட்டுக்கு!

முதலாளியின் ஏசி ரூமில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல நாற்பது பக்கம் எழுதினேன். ஒரு டூல் கொடுக்க பதினாலு கட்டம் நிரப்ப வேண்டும் என்று டிசைன் செய்தேன். ஸ்டோர் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. (பஜ்ஜி ரூமுக்கே வந்தது, எப்படி எழுந்து போவது?)

டெமோ அன்று ஸ்டோர் கவுன்ட்டரில் வைத்து முதலாளி கேட்டார்: "பெரிய வெர்னியர் யார்கிட்ட இருக்கு?" (வெர்னியர் என்றால் அளவெடுக்கும் கருவி.)

நான் பாஸ்வேர்ட் அடித்து மெனுவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஸ்டோர் பார்க்கும் மல்லிகா திரும்பி ஒரு பார்வைதான் பார்த்தார். "மூணாம் நம்பரு, பாபு எத்துகினு போய்கீறாரு சார்."

அவர் பின்னால் ஓர் ஆணிப் பலகை. டூலை எடுப்பவர், நம்பர் போட்ட தன் பித்தளை டோக்கனை அந்த டூலுக்கான ஆணியில் மாட்டிவிட்டுப் போகவேண்டும். அவ்வளவுதான்! என் மானம் கப்பலேறியது.

ஒரு வாரம் டைம் கேட்டேன். பதினாலு கட்டத்தையும் கடாசிவிட்டு, அந்தப் பலகையையே ஸ்க்ரீனில் வரைந்தேன்.

மறு டெமோவில் முதலாளி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டே, "மைக்ரோமீட்டர்?" என்றார்.

ஒரே தட்டு. "இருபத்தேழு, குமார்!" என்று கத்தினேன்.

"குமாரு லீவு சார்" என்றார் மல்லிகா, முதலாளியிடம். "டோக்கன்தான் அவுர்து. மைக்ரோமீட்டரு செல்வத்தாண்ட கீது. அவுரு டோக்கன தொலச்சிட்டாரு. புச்சு கேட்டா நீங்க கத்துவீங்கன்னு குமாரு டோக்கன்ல ஓட்டிகினு கீறாரு."

முதலாளி பேனாவை மூடினார்.

"இதை ஏங்க எங்கிட்ட சொல்லல?" என்று மல்லிகாவிடம் கேட்டேன்.

"நீங்க எங்க சார் கேட்டீங்க? பலகைய பாத்தீங்க, வரஞ்சிகினு போய்ட்டீங்க."

வெட்கமாக இருந்தது. ஸ்டூலை இழுத்து அவர் கவுன்ட்டர் முன் போட்டு, நோட்டைத் திறந்தேன். "சரிங்க, காலையில ஸ்டோர் திறந்ததும் முதல்ல என்ன செய்வீங்க?"

மல்லிகா முதலாளியைப் பார்த்தார்.

"கையெய்த்து போட்டு குட்த்துடுங்க சார். இப்பதான் வேலைய ஆரம்பிச்சிகீறாரு."