சிவப்பில் ஒரு அடிக்கோடு

என் தம்பி பிரிண்டர் மெக்கானிக். மெஷின் முக்கினாலும் முனகினாலும் காதை வைத்துக் கேட்டே எந்தப் பல் தேய்ந்தது என்று சொல்லிவிடுவான். வாய்தான் சும்மா இருக்காது. தெரிந்ததையெல்லாம் கொட்டிவிட்டுத்தான் மறுவேலை.

நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மருந்து ஸ்டோர் பார்க்கிறேன். காலாவதியான ஊசி மருந்துக்குப் புது லேபிள் ஒட்டி வார்டுக்கு அனுப்புவதைக் கண்ணால் பார்த்தேன். எந்தப் பெட்டி, என்ன நம்பர் என்று புட்டுப் புட்டு வைத்து, பெயர் போடாமல் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். என் பிள்ளைகளின் பள்ளி வேலைக்காகத் தம்பி எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்திருந்த பழைய கலர் பிரிண்டரில் அடித்தேன். 'காலாவதி' என்ற சொல்லுக்கு அடியில் சிவப்புக் கோடு வேறு. பெரிய புத்திசாலி என்று நினைப்பு!

அந்தப் புண்ணியவான்கள் கடிதத்தை அப்படியே எங்கள் மேனேஜருக்கே அனுப்பிவைத்தார்கள். அன்று ஆபீஸ் மெஷினைப் பழுதுபார்க்க வந்திருந்த தம்பியை அவர் கூப்பிட்டு, "இது எதுல அடிச்சதுன்னு கண்டுபிடிக்க முடியுமாப்பா?" என்றார். நான் ஃபைலோடு அறை வாசலில் நின்றிருந்தேன். கண்ஜாடை காட்டினேன். அவன் எங்கே பார்த்தான்? எழுதியது நான் என்றே அவனுக்குத் தெரியாது.

"இது என்ன பெரிய வித்தையா சார்! கலர் மெஷின் தாள் முழுக்கப் பொடிப்பொடியா மஞ்சள் புள்ளி போடும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. மெஷின் நம்பரே அதுலதான் இருக்கு."

நீல டார்ச்சை அடித்து, லென்ஸ் வைத்து, புள்ளிகளை எண்ணி ஒவ்வொரு இலக்கமாக உரக்கச் சொன்னான். மேனேஜர் எழுதிக்கொண்டார். நான்காவதோடு குரல் நின்றது. எத்தனை முறை திறந்து மூடிய மெஷின்! அதன் நம்பர் அவனுக்கு மனப்பாடம்.

லென்ஸைக் கீழே வைத்தான். "இது என் மெஷின்தான் சார். நான்தான் எழுதினேன்."

என் பக்கமே திரும்பவில்லை. நானாவது வாயைத் திறந்தேனா? பக்கவாதத்தில் படுத்த வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், என் ஒருத்தி சம்பளம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். "நாலு நம்பரைச் சொல்லித் தொலைச்சிட்டேனேக்கா. மீதியை மெஷின் வித்தவங்களே சொல்லிடுவாங்க. உன் வீட்டுக்கு வர்றதுக்குப் பதிலா என் கடைக்கு வரட்டும்." செருப்பை மாட்டிக்கொண்டே, "கறுப்புல மட்டும் அடிச்சிருந்தா அந்த மாடல்ல புள்ளியே விழாது. அந்தச் சிவப்புக் கோடு எதுக்குக்கா?" என்றான். கோபமாகக் கேட்கவில்லை பாவி.

அதன்பிறகு எந்த ஆபீஸும் அவனை உள்ளே விடவில்லை. கடையை மூடிவிட்டு ஒன்பது வருஷம் குடோனில் பெட்டி தூக்கினான். போன மாதம் பெட்டியோடு விழுந்தவன்தான், எழுந்திருக்கவில்லை.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்றே மேனேஜர் அறைக்குப் போனேன். "அந்தக் கடிதம் எழுதினது நான் சார். என் தம்பி இல்ல."

"தெரியும்மா. அத்தனை பெட்டி நம்பர் ஒரு மெக்கானிக்குக்கு எப்படித் தெரியும்?"

"அப்போ என்னை ஏன் வேலையை விட்டு அனுப்பல?"

"அனுப்பியிருந்தா வெளியே போய்ப் பேசியிருப்பீங்க. உள்ளேயே இருந்தா பேச மாட்டீங்கன்னு தெரியும்."

அவர் நினைத்தது தப்பவில்லை. ஒன்பது வருஷமாக அதே மாதிரி லேபிள் மாற்றிய ஊசி மருந்துதான் வார்டுக்குப் போகிறது. கையெழுத்துப் போட்டு அனுப்புகிறவள் நான்தான்.