ஒரு முனை மட்டும்

பிசின் மணிகளை மேசை விளக்கின் அடியில் பரப்பி, கண்ணாடிக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தார் கணேசமூர்த்தி. கிளறுவார், ஈரம் போயிற்றா என்று தொட்டுப் பார்ப்பார், திருப்தி வராது, மறுபடி கிளறுவார். அட்டனில் அவர் படிப்பிக்கும் பாடசாலையின் ஆய்வுகூடம் அது. மூடுபனி உள்ளே வந்துவிடும் என்று ஜன்னல் இடுக்கில் பழைய துணியைத் திணித்திருந்தார்.

பூண்டுலோயாத் தோட்டத்து மனிதர். அப்பா தொழிற்சாலையில் தேயிலை காயவைக்கும் இயந்திரத்தில் நின்றவர். அந்த வீட்டில் ஈரம் என்றாலே எல்லோருக்கும் குலைநடுக்கம். "ஈரம் பட்டா சரக்கு போச்சுங்க" என்பது இன்றும் இவர் வாயில் வரும். பிஸ்கட் டின்னைக்கூட மூடியாயிற்றா என்று திரும்பி வந்து பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போவார்.

மேற்படிப்புக்கு அவர் எடுத்த வேலை சொல்லச் சுலபம். டையோல் என்ற மதுசார வகை மூலக்கூறின் இரண்டு முனையும் ஒரே மாதிரி. ஒன்றில் மட்டும் எசுத்தரைச் சேர்க்க வேண்டும். மற்றதைத் தொடக் கூடாது. அந்தத் தாக்கத்தை விரைவாக்கும் ஊக்கிதான் இந்த மணிகள். இதுவரை ஒவ்வொரு தடவையும் இரண்டு முனையும் மாட்டிக்கொண்டன. இவரும் விடாமல் மணிகளை இன்னும் நன்றாகக் காயவைத்தார். மிஞ்சியிருப்பது இவ்வளவுதான். இதுவும் கெட்டால் பட்டத்தை மறந்துவிடச் சொல்லிவிட்டார் பேராசிரியர். பாவம், மனிதருக்குச் சில நாளாகச் சோறு இறங்கவில்லை.

பக்கத்து மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்து ஜெயமலர் டீச்சர் நிமிர்ந்தார்.

"சேர், போத்தில்ல வரேக்கை இந்த மணியெல்லாம் ஈரமாத்தானே இருந்தது? பிறகேன் காயவைக்கிறியள்?"

"எசுத்தருக்குத் தண்ணி ஆகாதுங்களே டீச்சர்..."

பாதியில் நின்றார். முகம் வெளுத்துவிட்டது. மணியைச் சுற்றிய அந்த மெல்லிய ஈரத்தில்தான் டையோல் தங்கும். ஒரு முனையில் எசுத்தர் ஏறியதும் ஈரத்தை விட்டு மேலேயுள்ள கரைப்பானுக்கு நழுவிவிடும். மறு முனை தப்பிக்கும். காப்பாற்ற இருந்த ஈரத்தை இத்தனை நாளும் துரத்தியது அவரேதான்.

மணிகளில் துளித்துளியாகத் தண்ணீர் விட்டார். "ஆண்டவனே, இதையும் கெடுத்துட்டேனோ" என்று முனகியபடியே மணிகளை டையோலோடும் கரைப்பானோடும் குடுவையில் போட்டுச் சூடேற்றினார். பின்னேரம் அதிலிருந்து ஒரு பொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து, கரைப்பானில் ஏறவிட்டு, நிறம் தெரிய அயடீன் போத்தலுக்குள் இறக்கினார். இறக்கியதும் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"நீங்களே பாருங்க டீச்சர். எனக்கு முடியலங்க. உச்சியில பொட்டு வந்தா ரெண்டு முனையும் போச்சு. நடுவுல வந்தா ஒண்ணுதான்."

ஜெயமலர் தகட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"உச்சியில ஒண்டுமில்லை, சேர். நடுவிலதான் இருக்கு. வடிவாப் பாத்திட்டன்."

கணேசமூர்த்தி திரும்பவில்லை. வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியுமாக அப்படியே சுவரோரம் தரையில் குத்தவைத்து உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.