மெழுகு வைக்காத நாண்

ஊரே எழுந்திருக்கிற நேரத்தில் எங்கள் அப்பா படுக்கப் போவார். கேழ்வரகு கதிர் பிடித்ததிலிருந்து அறுத்துக் களத்துக்கு வரும்வரை இதுதான் நடப்பு. ஐம்பதுகளின் தொடக்கம் அது. அஞ்செட்டியைத் தாண்டிய எங்கள் பக்கமெல்லாம் அப்போது சேலம் ஜில்லா. எங்கள் இரண்டு ஏக்கர் நிலம் மலையடிவாரக் காட்டை ஒட்டி இருந்தது. காட்டுப்பன்றிகளைக் கேட்டால் அது காட்டைச் சேர்ந்தது என்றுதான் சொல்லும். துப்பாக்கிக்கு லைசென்சு வாங்கும் வசதி ஊரில் ஒரே ஒரு பண்ணைக்காரருக்குத்தான் இருந்தது. இராக்காவலில் பன்றி விரட்ட மற்றவர்களுக்குத் தகர டப்பாவும் தொண்டையும்தான். எங்கள் அப்பாவிடம் கூடுதலாக ஒரு வில் இருந்தது.

மூங்கில் வில் போனால் வேறு மூங்கில் வெட்டிக்கொள்ளலாம் என்பார் அப்பா. அவருக்குப் பெரிது நாண்தான். பாறை இடுக்குகளில் கத்தி மாதிரி நிமிர்ந்து நிற்கும் மருள் செடியை அறுத்து, ஊறப்போட்டு, நார் உரித்து, மூன்று புரியாக அவரே முறுக்கியது. அந்த நாணுக்கு எங்கள் வீட்டில் நடந்த உபசாரம் மாப்பிள்ளைக்குக்கூட நடக்காது. காலையில் வந்ததும் வில்லிலிருந்து அதைத் தளர்த்திவிட வேண்டும். பனி ஈரம் போகக் காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். அடுப்புப் பக்கம் கொண்டுபோகக் கூடாது, வெயிலிலும் போடக் கூடாது. நிழலில் உலர்ந்தபிறகு தேன்மெழுகைத் தடவி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சுடுகிற அளவுக்கு உருவ வேண்டும். மெழுகு உள்ளே இறங்கினால்தான் நார் பனி குடிக்காது, புரி பிரியாது. மாற்று நாண் ஒன்றும் உண்டு. எலி கடிக்காமலிருக்க அது மூங்கில் குழாய்க்குள் கூரை இறவாணத்தில் செருகியிருக்கும்.

அப்பா தளர்த்திக் கொடுத்துவிட்டுப் படுத்துவிடுவார். மிச்ச வேலை என்னுடையது. பெரிய பெண்கள் நாணைத் தொட்டால் அம்பு வழி தவறிவிடும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. ஆகவே அம்மாவிடம் கொடுக்கமாட்டார். எனக்கு ஒன்பது வயசுதான் என்பதால் அம்பு என்னைப் பெண்ணாக எடுத்துக்கொள்ளாது என்று முடிவுசெய்திருந்தார்கள். கம்பளிக்குள்ளிருந்து தினமும் ஒரு கேள்வி மட்டும் வரும்.

"மெழுவு வெச்சியா?"

"வெச்சிட்டம்பா."

அதற்கப்புறம் குறட்டை.

பள்ளிக்கூடத்தில் என் வகுப்பில் காட்டிலாகா கார்டு ஒருவரின் மகள் படித்தாள். அவள் நெற்றியில் குங்குமப் பொட்டு காலையில் எப்படியோ சாயங்காலமும் அப்படியே இருக்கும். எங்கள் பொட்டெல்லாம் முதல் மணி அடிக்கும் முன்பே மூக்குக்கு இறங்கிவிடும். ரகசியம் என்னவென்று நான் பின்னாலேயே அலைந்து கேட்டதில், அடியில் மெழுகு தடவி அதன்மேல் குங்குமம் வைக்கவேண்டும் என்று சொன்னாள். அவள் வீட்டில் மெழுகு தீர்ந்துவிட்டதாம். எங்கள் வீட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஓர் உருண்டை இருக்கிறது என்று நான் பீற்றிக்கொண்டேன். அவ்வளவுதான். மறுநாள் அதைப் பாவாடைச் செருகலில் வைத்துக் கொண்டுபோனேன். இரண்டே நாளில் ஏழெட்டுப் பெண்களின் நெற்றியில் எங்கள் மெழுகு அழியாமல் நின்றது. நான் அவர்களுக்கு நடுவில் ராணி மாதிரி நடந்தேன். உருண்டை தீர்ந்துபோனது.

முதல் நாள் நாணைத் துடைத்து மட்டும் வைத்துவிட்டு, மெழுகு வைத்ததாகச் சொன்னேன். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் நாள் சொல்வது இன்னும் சுலபமாக இருந்தது. நான்காம் நாள் நாணின் நடுவில், அம்பின் வால் உட்காருகிற இடத்தில், பூனை மயிர் மாதிரி சிலும்பு கிளம்பியிருப்பதைப் பார்த்தேன். எச்சில் தொட்டுத் தடவினேன், படிந்தது. படிந்துவிட்டதே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் பொழுது சாயும் நேரத்தில் அப்பா வில்லை வளைத்து நாணை ஏற்றும்போது என்னால் அங்கே நிற்க முடியவில்லை. மாட்டுக்கொட்டகைக்குப் போய் நின்றுகொண்டேன். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். சொன்னால் அடி விழும் என்பதைவிட, நான்கு நாள் பொய்யையும் சேர்த்துச் சொல்லவேண்டுமே என்பதுதான் வாயைக் கட்டிப்போட்டது.

ஐந்தாம் நாள் காலையில் அப்பா வரவில்லை.

வெயில் கூரை உச்சிக்கு ஏறிவிட்டது. அம்மா இரண்டு தடவை வாசலுக்கு வந்து பாதையைப் பார்த்தாள். குடத்தை என் கையில் கொடுத்து ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்க அனுப்பினாள். நான் குடத்தை நிரப்பி இடுப்பில் ஏற்றும்போது மேட்டுப் பாதையில் மாடுகள் வந்தன. அவற்றை ஓட்டிவந்தவர் பக்கத்துக் குக்கிராமத்துக்காரர், கன்னடம் தவிர வேறு எதுவும் பேசமாட்டார். என்னைப் பார்த்ததும் நடந்துகொண்டே கத்தினார்.

"நிம்மப்பந்து எதெ கித்தோயித்து."

நாங்கள் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். என்றாலும் அந்தப் பக்கத்துக் குழந்தைக்கு அரைக் கன்னடமாவது வந்துவிடும். கித்தோயித்து என்றால் பிய்ந்துபோயிற்று. எதெ என்றால் நெஞ்சு. அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது கஷாயம் கொடுத்த கன்னடக்கார அம்மாள் எதெநோவு, எதெநோவு என்று நூறு தரமாவது சொல்லியிருப்பாள். உங்கப்பன் நெஞ்சு பிய்ந்துபோயிற்று. பன்றியின் கோரைப்பல் என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். போன வருஷம் ஒரு நாயின் வயிற்றை அது திறந்துவிட்டதை நானே பார்த்திருக்கிறேன். அவர் மேற்கொண்டும் ஏதோ சொன்னார். குடம் விழுந்து உருண்ட சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை.

வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். வேறு எந்தப் பிள்ளையும் அதைத்தான் செய்திருக்கும். நான் செய்யவில்லை. நாண் அறுந்துதான் பன்றி அவர்மேல் பாய்ந்திருக்கும், ஏன் அறுந்தது என்று அம்மா கேட்பாள் என்று தோன்றியது. இன்றைக்கும் இதை எழுதுகிறபோது வெட்கமாக இருக்கிறது: அப்பா செத்துக் கிடக்கிறார் என்று நம்பிய அந்த நேரத்திலும் என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் முதலில் பார்த்தேன். நிலத்தை நோக்கி ஓடினேன். எப்படியாவது அவரைத் தொட்டு, நெஞ்சைக் கையால் சேர்த்து மூடிவிட்டால் போதும் என்று ஏதேதோ வேண்டிக்கொண்டே ஓடினேன். வேண்டாத சாமி இல்லை. முள் குத்தியது தெரியவில்லை.

பாதை முடிகிற இடத்தில் உண்ணிச்செடிப் புதர். அதைத் தாண்டினால் எங்கள் கேழ்வரகு. நிலத்தின் மறுகோடியில் புங்கமரத்தின்மேல் காவல் பரண். பரண்மேல் அப்பா நின்றுகொண்டிருந்தார். முழுசாக இருந்தார். நெஞ்சு நெஞ்சாகவே இருந்தது. சந்தோஷத்தில் "அப்பா" என்று கத்திக்கொண்டு வரப்பில் இறங்கினேன்.

அப்பாவின் குரல் அதற்குமுன் அப்படி வந்து நான் கேட்டதில்லை.

"நில்லு. நின்ன எடத்துலயே நில்லு. அசையாத."

நின்றேன். அவர் பரணிலிருந்து இறங்கவில்லை, குதித்தார். வில்லை அங்கேயே போட்டுவிட்டுக் கொடுவாளை மட்டும் எடுத்துக்கொண்டு என்னை நோக்கி வந்தார். கண் என்மேல் இல்லை. முகம் சாம்பல் பூத்திருந்தது. இடது கையில் நாண் அறைந்த தடம் தடிப்பாக வீங்கியிருந்தது. தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். மெழுகு வைக்காதது தெரிந்துவிட்டது, அதற்குத்தான் கொடுவாளோடு வருகிறார். பாவாடை நனைந்துவிட்டது.

வந்தவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். எலும்பு நொறுங்குகிற பிடி. தன் முதுகுக்குப் பின்னால் என்னை இழுத்து நிறுத்திக்கொண்டு, கேழ்வரகைப் பார்த்தபடியே பின்பக்கமாக ஒவ்வோர் அடியாக எடுத்துவைத்தார். அப்படியே என்னையும் நடத்தினார். அந்த நிதானம்தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயங்கரமாக இருந்தது. கோபக்காரர்கள் ஓடிவந்து அடிப்பார்கள்; இப்படி அளந்து அளந்து நடப்பவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. என்னால் தாங்கமுடியவில்லை.

"அப்பா, நான் நாலு நாளா மெழுவு வெக்கலப்பா. பொய் சொல்லிட்டன்."

"சரி, நட."

நான் எதிர்பார்த்தது இதை இல்லை. காதில் விழவில்லையோ என்று மறுபடி சொன்னேன். மெழுகை எல்லாருக்கும் பொட்டுக்குக் கொடுத்ததையும் சேர்த்துச் சொன்னேன். பிடி இன்னும் இறுகியது. "சரி சரி, நட" என்றார். மூன்றாவது தடவை அழுகையோடு சொன்னேன். "சரி கண்ணு" என்றார். அவ்வளவு பெரிய குற்றத்துக்கு அவ்வளவு சின்ன பதில்.

ஊர் எல்லைக்கு வந்ததும் அப்பா மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். மணிக்கட்டை மட்டும் விடவில்லை. ஆட்கள் கூடிவிட்டார்கள். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. விடிகிற நேரத்தில் முதல் அம்பு ஒரு பெரிய ஆண்பன்றியின் தொடையில் ஏறியிருக்கிறது. இரண்டாவது அம்பை இழுக்கும்போது நாண் அறுந்துவிட்டது. காயம்பட்ட பன்றி ஓடாமல் கேழ்வரகுக்குள்ளேயே படுத்துக்கொண்டது. கீழே இறங்க வழியில்லாமல், அந்த வழியாகப் போன மாட்டுக்காரரிடம், நாண் அறுந்துவிட்டது, மாற்று நாணை நாலு பேரோடு அனுப்பச் சொல்லுங்கள் என்று அப்பா சொல்லி அனுப்பியிருக்கிறார். நாணுக்குக் கன்னடத்தில் ஹெதெ என்று பெயர். எங்கள் பக்கத்துக் கன்னடக்காரர்கள் முன்னால் வரும் ஹகரத்தை விழுங்கிவிடுவார்கள்; பால் என்கிற ஹாலை ஆலு என்பார்கள், பூ என்கிற ஹூவை ஊவு என்பார்கள். ஹெதெ எதெ ஆகிவிட்டது. நாணைக் கேட்டனுப்பிய மனிதருக்கு மகள் வந்து சேர்ந்தாள்.

ஆட்கள் ஈட்டியோடு போனார்கள். நான் இறங்கிய வரப்பிலிருந்து இருபது அடியில்தான் அது படுத்திருந்ததாம். மாட்டுக்காரர் வந்து அம்மாவிடம் இரண்டு கையையும் கூப்பினார். அதற்கப்புறம் ஊரே ஒரு மாசம் சிரித்தது. யாருக்காவது இருமல் வந்தால்கூட எதெ கித்தோயித்தா என்று கேட்பார்கள். நானும் சிரித்தேன். அப்பா அடிக்கவில்லை, அம்மாவிடம் சொல்லவில்லை, மெழுகைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளிலிருந்து நாண் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன். அந்த நினைப்பிலேயே வளர்ந்தேன், கல்யாணம் கட்டிக்கொண்டேன், பிள்ளைகள் பெற்றேன். இப்படி ஓர் அப்பா யாருக்குக் கிடைப்பார் என்று அடிக்கடி பெருமைப்பட்டுக்கொண்டேன்.

கடைசிக் காலத்தில் அப்பா ஓசூரில் எங்களோடுதான் இருந்தார். ஒருநாள் என் பையன்களுக்குப் பன்றிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். நாண் எப்படித் தாத்தா அறுந்தது என்று சின்னவன் கேட்டான்.

"என் தப்புதான்டா. பனியில நனைய உட்டுட்டன். இல்லேன்னா அது அறுவுற நாணே இல்ல. உங்கம்மா ஒருநாள்கூட மெழுவு வெக்காம உட்டதில்ல. உருண்டை மொத்தமும் தீர்ற அளவுக்கு வெச்சிருந்தா."

என்னைப் பார்த்து ஒரு சிரிப்பும் சிரித்தார். அதில் ஒளிவுமறைவு இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. அன்றைக்கு வரப்பில் நான் மூன்று முறை சொன்னதில் ஒரு சொல்லும் அவர் காதில் ஏறவில்லை. அவர் கவனம் முழுக்கக் கேழ்வரகுத் தாள் அசைகிற சத்தத்தில் இருந்திருக்கிறது. சரி, நட என்றது, நான் நடக்கவேண்டும் என்பதற்காக மட்டும் சொன்னது.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். முறத்தைக் கீழே வைத்தேன், வாயைக்கூடத் திறந்தேன். பையன்கள் இரண்டு பேரும் என்னை அத்தனை பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டேன்.