அக்கா எடுத்த காப்பி

போன ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரு கறுப்புப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

டிவி ஸ்டாண்டுக்குக் கீழே, வைஃபை ரவுட்டரோடு ஒயர் போட்டு இணைத்த பெட்டி. உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். வீட்டில் யார் போனில் போட்டோ எடுத்தாலும் தானாக அதில் போய்ச் சேர்ந்துவிடும். சேர்ந்து சேர்ந்து இடமே இல்லாமல் போய்விட்டது. பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் பெரியதாக மாட்டும் வேலையில் இறங்கினேன்.

ஒன்றைக் கழற்றிப் புதியதைப் போட வேண்டும். மற்றதில் இருப்பதெல்லாம் புதியதில் ஏறும் வரை காத்திருக்க வேண்டும். அப்புறம்தான் அடுத்தது. திரையில் சதவீதம் நகருவேனா என்கிறது...

காபி கொண்டுவந்த மனைவி கேட்டாள். “ரெண்டுலயும் ஒரே சமாச்சாரம்தான்னா எதுக்குங்க ரெண்டு?”

“ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்குமில்ல.”

“போகும்னு தெரிஞ்சேவா வாங்குனீங்க?”

காபியை வாங்கிக்கொண்டேன். ஆனால் ‘ஒண்ணு போனா இன்னொண்ணு’ என்ற பாடத்தை எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது எந்த கம்ப்யூட்டர்காரரும் இல்லை. என் அக்கா ஸ்டெல்லா. எண்பதுகளின் நடுவில், பொம்மிடியில், எங்கள் வீட்டு நடு அறையில்.

அக்கா கல்யாணமாகி, மாசமாக இருக்கும்போதே பிரான்சிஸ் மாமா எலக்ட்ரீஷியன் வேலைக்குக் குவைத் போய்விட்டார். பிரசவத்துக்கு வந்த அக்கா, குழந்தை பிறந்த பிறகும் எங்களோடுதான் இருந்தாள். டெலிபோன் ஏது? தந்தி கொடுத்தால்கூட என்னமோ ஏதோ என்று ஊரே கூடிவிடும் காலம் அது.

ஒரு நாள், குவைத்திலிருந்து லீவில் வந்த மாமாவின் நண்பர் ஒரு பார்சலைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே டூ-இன்-ஒன். ரேடியோவும் டேப்பும் சேர்ந்தது. கூடவே ஒரு கேசட்.

போட்டோம். கரகரவென்று ஒரு சத்தம். பிறகு மாமாவின் குரல்.

“ஸ்டெல்லா... நான்தான் பேசறேன். புள்ளைக்கு ஜெசிந்தான்னு பேரு வெச்சிடு. ஜெசிந்தா... அப்பா பேசறன்டா கண்ணு.”

அப்பா செருமிக்கொண்டு வெளியே போனார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா மட்டும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அந்த கேசட் ஓடாத நாள் இல்லை. குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது ஓடும். துணி மடிக்கும்போது ஓடும். நாங்கள் யாராவது அறைக்குள் போனால் சட்டென்று நிறுத்திவிடுவாள். குழந்தைக்குப் பேர் வைத்ததோடு மாமா நிறுத்தவில்லை. இரண்டு பக்கமும் பேசியிருந்தார். அதெல்லாம் அக்காவுக்கு மட்டும்.

பதில் கேசட் அனுப்பும்போது எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் பேசுவோம். நான் பேசுவேன், அப்பாகூட ‘மாப்ள, நல்லா இருக்கீங்களா’ என்று இரண்டு வார்த்தை சொல்வார். அம்மா மட்டும் கிட்டேயே வர மாட்டாள்.

“மிசின்கிட்ட நான் என்னத்தடா பேசறது? நான் நல்லா இருக்கேன்னு நீயே சொல்லிடு.”

தினமும் ஓடினால் டேப் என்ன ஆகும்? ஒரு நாள் உள்ளே சிக்கிக்கொண்டது. பிரவுன் நாடா குடல் மாதிரி வெளியே வந்துவிட்டது. நான் அப்போது தருமபுரியில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். பிசிக்ஸ் படிக்கிறவன் என்பதால் வீட்டில் எல்லா மெஷினுக்கும் நான்தான் டாக்டர். மெதுவாக எடுத்து, கசங்கலை நீவி, பென்சிலை விட்டுச் சுற்றி உள்ளே அனுப்பினேன். உயிர் பிழைத்தது. ஆனால் ‘ஜெசிந்தா’ என்கிற இடத்தில் மாமா கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுவது மாதிரி ஆகிவிட்டது.

அக்கா சொன்னாள், “இன்னொரு தரம் சிக்குனா போயிடும்டா. இதே மாதிரி இன்னொண்ணு வேணும் எனக்கு.”

எப்படி எடுப்பது? அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி, ஒரு செட்டில் ஓடவிட்டு, எதிரே இன்னொரு செட்டை வைத்துப் பதிவது. ஒயரெல்லாம் இல்லை. நடுவில் காற்றுதான்.

இன்னொரு செட் எங்கள் தெருவில் சவரிமுத்து வாத்தியாரிடம் இருந்தது. கேட்டேன். “தர்றேன். ஆனா செட்டுகூட நானும் வருவேன். அடுத்தவங்க வூட்ல அத விட்டுட்டு வர முடியாதுங்க தம்பி” என்றார்.

சரி என்று கூட்டிவந்தேன். நடு அறையில் இரண்டு செட்டையும் எதிரெதிரே ஸ்டூலில் வைத்தோம். வாத்தியார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது — மாமா பேசியதெல்லாம் சத்தமாகக் கேட்குமே.

என்னை ஜாடை காட்டி வெளியே கூப்பிட்டாள். “அவரு உள்ள இருந்தா நான் போட மாட்டேன்.”

வாத்தியாரிடம் இதை எப்படிச் சொல்வது? “சார், ரூம்ல ஆளிருந்தா மூச்சு விடறதுகூட பதிஞ்சிடும்” என்றேன். அவர் யோசித்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், செட் கண்ணில் படுகிற மாதிரி ஜன்னலுக்கு நேராக, வேப்ப மரத்தடியில் தள்ளி உட்கார்ந்துகொண்டார். காதுக்கு எட்டாத தூரம், கண்ணுக்கு எட்டும் தூரம். அக்காவும் ஒத்துக்கொண்டாள்.

குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, அக்கா கதவைச் சாத்தினாள். நான் குழந்தையோடு தெருக்கோடி வரை போனேன். போகிற வருகிற எல்லாரையும் சத்தம் போடாதீர்கள் என்று கையைக் காட்டினேன். ரயிலுக்கு யார் கையைக் காட்டுவது? ஜோலார்பேட்டை பக்கமிருந்து ஒரு கூட்ஸ் வந்து, சாவகாசமாகப் போனது.

அதுகூடப் பரவாயில்லை. அம்மா கொல்லையில் வேலையாக இருந்தவள், இந்த ஏற்பாடு எதுவும் தெரியாமல் உள்ளே வந்திருக்கிறாள். கதவைப் போட்டுத் தட்டியிருக்கிறாள்.

நான் திரும்பி வந்தபோது அக்கா அழுதுகொண்டிருந்தாள். “எல்லாம் கெட்டுப்போச்சு. உன்னைய யாரும்மா இப்ப வரச் சொன்னது?”

“எனக்கென்னடி தெரியும்? நீ கதவச் சாத்திகிட்டு பாட்டு கேக்கறேன்னு நெனச்சேன்” என்றாள் அம்மா.

மறுபடி எடுக்கலாமென்றால் வாத்தியார் செட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கொஞ்ச நாளில் பாலக்கோட்டுக்கு மாற்றலாகி, செட்டோடு போயும்விட்டார். அக்கா அந்தக் காப்பியைப் போட்டுக்கூடப் பார்க்கவில்லை. பீரோவில் சேலைக்கு அடியில் எறிந்ததோடு சரி.

அடுத்த மழைக்காலத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். நடந்து பஸ் ஏறியவள், நடந்து திரும்பவில்லை.

அப்பா அதற்குப் பிறகு பேச்சைக் குறைத்துவிட்டார். சாப்பாட்டையும். அக்கா தட்டில் போட்டு வைத்தால் பாதியில் கை கழுவிவிடுவார். கேட்டால், “போதும், விடு” என்பார்.

அசல் கேசட்டும் அந்த வருஷமே முடிந்துபோனது. டேப் இரண்டாக அறுந்து, ஒட்டி, மறுபடி அறுந்து... அக்கா அதற்காக அழவில்லை. அப்போது அழுவதற்கு வேறு இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு மாமா லீவில் வந்தார். கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்த பிறகு, பெட்டியைத் திறந்து ஒரு புது செட்டை வெளியே எடுத்தார். டபுள் டெக். இரண்டு கேசட் போடலாம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அதுவே பதிந்துகொள்ளும். வீட்டில் கல்யாணமே நடந்தாலும் ஒரு சத்தம் உள்ளே போகாது. நான் வாயைப் பிளந்து பார்த்தேன்.

அக்கா, அசல் அறுந்துபோன கதையைச் சொல்லி, பீரோவிலிருந்து அந்தக் கெட்டுப்போன காப்பியைக் கொண்டுவந்தாள்.

“இதுக்கா கவலப்படற? இத அழிச்சுட்டு நானே புதுசா பேசித் தர்றேன்” என்றார் மாமா. கேசட்டை உள்ளே போட்டார். சிவப்பு பட்டனுக்கு விரல் போய்விட்டது.

“இருங்க. மொதல்ல என்ன பேசுனீங்கன்னு கேட்டுக்கங்க. அதே மாதிரி பேசணும்” என்றாள் அக்கா.

ஓடவிட்டார். தன் குரலையே கேட்டு மாமாவுக்கு வெட்கம். ஒரு கூட்ஸ் ரயில் அவர் பேச்சின் மீது ஏறிப் போனது. அப்பா வெளியே கட்டிலில் படுத்திருந்தார்.

தட தடவென்று கதவு தட்டும் சத்தம். டேப்பில்தான்.

“ஏ ஸ்டெல்லா, கதவத் தொறடி. அரிவாமணைய எங்க வெச்ச? உங்கப்பா வந்து உக்காந்துட்டாரு. அவரு பசி தாங்க மாட்டாருடி... காது கேக்குதா இல்லியா?”

மாமா பட்டனிலிருந்து கையை எடுத்தார்.

அப்பா எழுந்து வந்து வாசற்படியில் நின்றார். எத்தனை நேரம் அப்படி நின்றாரோ... மாமாவின் குரல் தன்பாட்டுக்கு, சினிமா பார்க்கப் போனது, அக்காவின் பச்சைப் புடவை என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டே போனது. அக்காவுக்கு அதை நிறுத்தத் தோன்றவில்லை.

“மாப்ள, இன்னொரு தரம் போடுங்க” என்றார் அப்பா.

மாமா பின்னோக்கிச் சுற்றிப் போட்டார். அப்பா தரையில், செட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டார். மறுபடியும் கேட்டார். அப்புறம் மெதுவாக, “அன்னிக்கு எனக்கு அவ்வளவா பசியில்ல. இவதான் சும்மா பறந்தா” என்றார். சொல்லிவிட்டு அழுதார். அம்மாவை அடக்கம் பண்ணியபோதுகூட அவர் அழவில்லை.

நான் கேசட்டை வெளியே எடுத்து, முதுகுப்பக்கம் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பட்டையை ஸ்க்ரூ டிரைவரால் உடைத்தேன்.

“என்னத்தடா ஒடைக்கற?” அப்பா பதறிப்போனார்.

“இனிமே இதுல யாரும் வேற எதையும் பதிய முடியாதுப்பா.”

டபுள் டெக்கில் முதன்முதலில் ஓடியது அதுதான். கூட்ஸ் ரயில், கதவு, அரிவாமணை எல்லாவற்றோடும். அக்காவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. அதிலிருந்து சி.டி., சி.டி.யிலிருந்து பென் டிரைவ், இப்போது இந்தக் கறுப்புப் பெட்டி என்று ஒவ்வொரு மாற்றத்திலும் முதலில் ஏறுவது அதுதான்.

பிரான்சிஸ் மாமாவுக்கு மட்டும் இன்றுவரை ஒரு மனக்குறை — “ரெண்டு பக்கம் உருகி உருகிப் பேசுனேன். எங்க மாமியார் பேசறத தவிர ஒருத்தரும் கேக்கறதில்லீங்க.”